முதுகுப் பக்கத்துக் கரை

கேப்டன் என்று ஏரிக்கரை முழுவதும் அழைத்த அந்த மனிதரிடம் கப்பல் எதுவும் கிடையாது. பன்னிரண்டடி நீளத்தில் ஒரு மரப்படகு இருந்தது. அதன் முன்பக்கத்தில் ஏழு என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு மேலே, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறுகையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்து அவர் நிற்கிற நிற்பைப் பார்த்துத்தான் யாரோ அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள். கிண்டலுக்காகக் கொடுத்தது. அவரோ அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். கிண்டலை மரியாதையாக எடுத்துக்கொள்ளும் திறமை எல்லோருக்கும் வாய்க்காது.

படகை நகர்த்தியது அவர் மனைவி. முதலில் கேப்டனின் அண்ணன்தான் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், ஆள் கிடைக்கிற வரைக்கும் இரண்டே வாரம் வந்து உட்கார் என்று கேப்டன் மனைவியைக் கூப்பிட்டார். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. நீச்சல் தெரியாது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம் கொப்புளமாகப் பொங்க, பழைய துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வலித்தார். ஆள் கிடைச்சாச்சா என்று ஒரு வருஷம் வரை மாதாமாதம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். உண்மையைச் சொல்வதானால் கேப்டன் ஆள் தேடவே இல்லை. அந்த இரண்டு வாரம் இருபத்துமூன்று வருஷமாக நீண்டது. நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வெளியூரில் வேலைக்கும் போய்விட்டார்கள்.

மற்றப் படகுகளில் எல்லாம் ஒவ்வொன்றாக மோட்டார் வந்தது. கேப்டன் மட்டும் வைக்கவில்லை. மோட்டார் சத்தத்தில் மீன் ஓடிவிடும் என்பது அவர் கட்சி. துடுப்பு வலிக்கிறவரிடம் இதைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

தன் தொழிலைப் பற்றிக் கேப்டனுக்கு ஒரு கொள்கை இருந்தது. கண் அவருடையது, கை மனைவியுடையது. இதைக் கேட்டவருக்கும் சொல்லுவார், கேட்காதவருக்கும் சொல்லுவார். அந்த ஏரியில் கண் இல்லாமல் பிழைக்க முடியாது என்பது நிஜம்தான். ஏரி வெட்டுவதற்கு முன் அங்கே ஒரு தோப்பு இருந்திருக்கிறது. மரங்களை வெட்டிவிட்டு அடிக்கட்டைகளை அப்படியே விட்டுத் தண்ணீரைத் தேக்கிவிட்டார்கள். கட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில் மட்டும் தரை சுத்தமாக, ஆழமாக இருக்கும். அதற்கு மடு என்று பெயர். பெரிய மீனெல்லாம் அங்கேதான். வலையை மடுவுக்குள் இறக்கினால் அள்ளலாம். ஐம்பது அடி தள்ளி இறக்கினால் கட்டைகள் வலையைக் கந்தலாக்கிவிடும்.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். மடு இங்கே இருக்கிறது என்று பலகை நட்டு வைக்கவா முடியும்? அதனால் எதிர்க்கரையில் இரண்டு குறி வைத்திருந்தார்கள். கரையோரத்தில் நூல் ஆலையின் புகைபோக்கி. அதற்குக் கொஞ்சம் பின்னால் உயரமான தண்ணீர்த் தொட்டி. படகு சாய்வாகப் போகப் போகத் தொட்டி மெல்ல நகர்ந்து வந்து, ஒரு இடத்தில் புகைபோக்கிக்கு நேர் பின்னால் நிற்கும். அதுதான் மடு. அந்தக் கணத்தில் கேப்டன் முன்பக்கத்தில் நின்றபடி, "நிறுத்து" என்பார். துடுப்பு நிற்கும். அவர் பின்பக்கம் வந்து உட்கார்ந்து வலையை விடுவார். அவர் சொன்னதும் துடுப்பு அப்படி நிற்கிற வேகத்தைப் பற்றிக்கூட அவருக்குப் பெருமைதான். ஒரு சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார்.

ஒரு நாள் கட்டையில் மாட்டிய வலையை வீம்பாக இழுத்ததில் கேப்டனின் வலது தோள் உள்ளே அறுந்துகொண்டது. தைத்து அனுப்பிய டாக்டர், இனி இந்தக் கையால் கனமான எதையும் இழுக்கக் கூடாது, தண்ணீர் வாளிகூட இடது கையால்தான் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே மீன் முட்டையிடும் மூன்று மாதம் தொடங்கியது. ஏரியில் யாரும் வலை போடக் கூடாது. கேப்டன் கையைக் கழுத்தில் மாட்டிய துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏரியையும் வீட்டுக்கு வருகிறவர்களையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

ஏரி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது மீனவர் சங்கக் கூட்டம் நடந்தது. ஏரிக்குப் பன்னிரண்டு படகு என்று கணக்கு. ஒரு எண் காலியானால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் சங்கத் தலைவரின் மருமகன். அது தற்செயல் என்று தலைவரே எழுந்து நின்று சொன்னார். வலை போடுகிறவர் பெயரில்தான் எண் இருக்க வேண்டும் என்பது விதி என்றும், அது தான் போட்ட விதி இல்லை என்றும் சொன்னார். கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் நின்ற இடத்தைக் கேட்கிறார்கள், இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு கை போதவில்லை.

கடைசி வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்தார்.

"அப்போ என் பேருக்கு எழுதிடுங்க."

"நீங்க துடுப்புதானேம்மா வலிச்சீங்க" என்றார் தலைவர்.

"ஆமாங்க. இருபத்திமூணு வருஷமா எனக்கு எதிர்ல உக்காந்துதான் அவர் வலை விட்டாரு. நான் என்ன கண்ண மூடிக்கிட்டா வலிச்சேன்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். புதுப் பெயர் சேர்க்க வழி இருந்தது. ஏரி திறக்கும் முதல் மூன்று நாளும் அவரே வலை போட வேண்டும். மூன்று நாளும் வலை கிழியாமல் திரும்பி வர வேண்டும். தினம் பத்து கிலோவாவது தராசில் நிற்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஏழாம் எண் பட்டியலின் முதல் ஆளுக்குப் போகும். சரி என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

வலை விடும்போது துடுப்பைப் பிடிக்கத் துணை வேண்டுமே. கேப்டனின் தங்கை வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். அவளுக்கும் அண்ணிக்கும் ஒரு பழைய இரும்பு அலமாரி விஷயத்தில் ஆறு வருஷமாகச் சரியான பேச்சுவார்த்தை இல்லை. கேள்விப்பட்ட அன்றே கடைக்கதவில் மூன்று நாள் விடுமுறை என்று எழுதி ஒட்டிவிட்டு வந்து நின்றாள்.

"வலைன்னா என்ன அண்ணி, பெரிய துணிதானே. அதுலயும் பாதி ஓட்டை" என்றாள். அலமாரி விஷயம் அதோடு முடிந்தது.

கேப்டனுக்கு ஒரு வேலை கிடைத்தது. பாடம் நடத்துவது. சாப்பாட்டு மேசையில் உப்புப் புட்டியை வைத்து இது புகைபோக்கி என்பார். அதற்குப் பின்னால் டம்ளரை வைத்து இது தொட்டி என்பார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, புட்டிக்கு நேர் பின்னால் டம்ளர் வந்து நிற்பதைக் காட்டுவார். அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே வலி, டம்ளர் வந்ததும் நிறுத்து என்பார். மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி என்றார். நாலாவது நாள் மட்டும் ஒன்று கேட்டார்.

"அந்தத் தொட்டியத்தான் போன மாசம் இடிச்சிட்டாங்களே?"

"அதுக்குத்தான் பக்கத்துலயே புதுசா கட்டிட்டாங்கல்ல. அதே காம்பவுண்டு. முன்னைக்கு இது பெருசா, நீலமா, நல்லாவே தெரியுது."

"ம்" என்றார் மனைவி.

அந்த 'ம்' கேப்டனுக்குப் பிடிக்கவில்லை. மனைவியின் 'ம்'களில் நாலைந்து வகை உண்டு, அதில் இது நல்ல வகை இல்லை. இருந்தாலும் வாத்தியார் வேலையில் இருப்பவர் மாணவியின் 'ம்'முக்கெல்லாம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று விட்டுவிட்டார்.

ஏரி திறந்த அன்று விடிந்தும் விடியாமலும் கேப்டன் படகுத்துறைக்குப் போய்விட்டார். நோட்டுப் புத்தகமும் பிளாஸ்டிக் நாற்காலியுமாகத் தலைவர் அவருக்கு முன்பே வந்திருந்தார். பதினொரு மோட்டார் படகுகளும் தடதடவென்று புறப்பட்டுப் போயின. ஏழாம் எண் படகு எல்லோருக்கும் பின்னால், இரண்டு துடுப்பில், அவசரமே இல்லாமல் போனது. அண்ணி நடுவில் உட்கார்ந்து வலித்தார். தங்கை பின்பக்கம் வலைக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரையிலிருந்த அண்ணனுக்குக் கையாட்டினாள். பிக்னிக் போகிறவள் கையாட்டுவதுபோல ஆட்டினாள்.

தூரத்தில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினொன்றும் ஏறத்தாழ ஒரே இடம். சரியாகத்தான் நிற்கிறார்கள், தொட்டி வந்துவிட்டது என்று கேப்டன் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஏழாம் எண்ணும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. படகுகளுக்கு நடுவே புகுந்து, அவற்றைத் தாண்டி, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்து" என்று கத்தினார் கேப்டன். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் குரல் போகும்? மறுபடியும் கத்தினார்.

"விட்டா உங்க வீட்டம்மா அந்தக் கரைக்கே போயிடுவாங்க போலிருக்கே, கேப்டன்" என்றார் தலைவர்.

கேப்டனுக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. பயத்தில் குறியைத் தவறவிட்டுவிட்டாள், அல்லது திரும்பிப் பார்க்கவே மறந்துவிட்டாள். எத்தனை தடவை டம்ளரையும் புட்டியையும் காட்டினேன்! படகின் முன்பக்கத்தில் அந்த ஏழுக்குக் கீழே வேறொருவர் பெயர் எழுதியிருப்பதுகூட இப்போதே அவர் மனக்கண்ணில் தெரிந்துவிட்டது. மருமகனின் பெயர் நீளமானது. படகில் அடங்காது என்ற நினைப்பு மட்டும்தான் அந்த நேரத்து ஆறுதல். நூறு அடிக்கும் மேல் தாண்டிப் போய் ஏழாம் எண் நின்றது. வலை இறங்கியது.

வெயில் ஏறிய பிறகு படகுகள் திரும்பின. முதலில் வந்தது அவசரம் என்று பட்டப்பெயர் கொண்ட மீனவரின் படகு. அவர் கையில் பாதி வலைதான் இருந்தது. மீதி கட்டையில் இருக்கிறது என்றார். அடுத்து வந்தவரின் வலையில் மனிதன் நுழைந்து போகிற அளவுக்கு மூன்று ஓட்டை. மூன்றாவது படகில் வலையே இல்லை, மிதவைகளை மட்டும் மீட்டு வந்திருந்தார்கள். பதினொரு படகும் வந்து சேர்ந்தபோது துறையில் கல்யாண வீட்டில் சமையல் தீய்ந்துவிட்டால் இருக்குமே, அப்படி ஒரு அமைதி. மடு மண் மூடிவிட்டது, வெள்ளத்தில் கட்டைகள் புரண்டு வந்துவிட்டன என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தலைவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு ஏழாம் எண் வந்தது. வலை மடித்த புடவை மாதிரி ஒழுங்காகப் பின்பக்கம் கிடந்தது. தங்கை அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. ஆகவே அவளே, "ஒரு கண்ணிகூடப் பிரியல. எண்ணிப் பாத்துக்குங்க" என்றாள். தராசில் இருபத்திரண்டு கிலோ கெண்டையும், கை நீளத்துக்கு இரண்டு விராலும் ஏறின. அண்ணி துடுப்புகளைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, பசிக்கிறது என்றார்.

ஏன் அவ்வளவு தூரம் தாண்டிப் போனாய் என்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் கேப்டன் கேட்டார். மனைவி பதிலுக்கு உப்புப் புட்டியை வைத்தார், பின்னால் டம்ளரை வைத்தார். பிறகு டம்ளரை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டு, "இப்போ பாருங்க" என்றார். கேப்டன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். டம்ளர் புட்டிக்கு நேர் பின்னால் வர வேண்டுமென்றால் அவர் தலையை ஒரு சாண் நகர்த்த வேண்டியிருந்தது.

"புதுத் தொட்டி பழைய இடத்துலேர்ந்து நாப்பது அடி தள்ளி இருக்கு. நான் நடந்து போய் அளந்துட்டு வந்தேன். தரையில நாப்பதுன்னா தண்ணியில நூறுக்கு மேல."

பதினொரு படகும் புதுத் தொட்டி பழைய இடத்திலேயே நிற்கிறது என்று நம்பிக் கட்டைக்காட்டில் வலை இறக்கியிருக்கிறார்கள். நாலு நாள் பாடம் நடத்திய வாத்தியாரும் அங்கேதான் இறக்கியிருப்பார்.

"சரி, தொட்டி தப்புன்னா நீ எதப் பாத்து மடுவப் புடிச்ச?"

"நான் என்னிக்குங்க தொட்டியப் பாத்தேன்? அது எப்பவும் என் முதுகுக்குப் பின்னாடிதானே இருந்துச்சு."

துடுப்பு வலிக்கிறவர் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படி உட்கார்ந்தவர் இருபத்துமூன்று வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று ஏரியில் ஒருவரும் யோசிக்கவில்லை, அவர் புருஷன் உட்பட. விட்டு வந்த கரையைத்தான் பார்த்திருக்கிறார். ஐஸ் கிடங்கின் கதவுக்கு நேர் மேலே பள்ளிக்கூடத்து மாடிப்படி ஜன்னல் நிற்கும்படி வைத்துக்கொண்டே வலித்தால் படகு கோணாது. அப்படிப் போகும்போது பம்பு வீட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மூன்றாவது தூண் முழுசாகத் தெரிந்தால் அடியில் மடு. பாலத்தையோ பள்ளிக்கூடத்தையோ யாரும் இடிக்கவில்லை. ஐஸ் கிடங்கும் அப்படியேதான் இருக்கிறது. கேப்டனுக்குத் தோற்றுப்போன மாதிரியும் இருந்தது, ஜெயித்த மாதிரியும் இருந்தது, எது முதலில் என்று அவருக்கே பிடிபடவில்லை.

மறுநாள் காற்று. படகு அலைந்தும், பதினெட்டு கிலோவும் கிழியாத வலையும் வந்தன. மற்றவர்கள் பழைய வலைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு கரையோரமாகப் பொடிமீன் பிடித்தார்கள். அதிர்ஷ்டம் என்றார் அவசரம். மூன்றாம் நாள் அதிர்ஷ்டம் இருக்காது என்று தலைவரின் மருமகன் சொன்னதாகவும் கேள்வி.

மூன்றாம் நாள் விடியற்காலை கேப்டன் தானும் படகில் வருவதாகச் சொன்னார். தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையில் விட்டார். பழக்க தோஷத்தில் கேப்டன் முன்பக்கம் போய் நிற்கப் பார்த்தார். "உக்காருண்ணே, ஒத்தக் கையோட விழுந்தா உன்னை யாரு தூக்குறது? நாங்க வலையப் பாப்போமா, உன்னைப் பாப்போமா?" என்றாள் தங்கை. அவர் முன்முனையில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததால் முகம் பின்பக்கம் பார்த்திருந்தது. எதிரில் மனைவியின் முதுகு. அதற்கும் அப்பால், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் விட்டு வந்த கரை.

ஐஸ் கிடங்கின் கதவு தெரிந்தது. அதன் மேல் மாடிப்படி ஜன்னல் ஆணி அடித்து மாட்டினதுபோல் அசையாமல் நின்றது. படகு எவ்வளவு நேராகப் போகிறது என்று அதைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. முன்னால் நின்று பார்த்த நாட்களிலெல்லாம் இவ்வளவு நேராகத்தான் போயிருக்க வேண்டும். பம்பு வீட்டுச் சுவரிலிருந்து முதல் தூண் வந்தது. இரண்டாவது வந்தது. மனைவியின் தோள்கள் ஒரே சீராக முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தன. மூன்றாவது தூணின் ஓரம் தெரிந்தது. பாதி தெரிந்தது. தூண் முழுசாக வெளியே வந்த அந்தக் கணத்தில் அவரை அறியாமல் வாய் திறந்தது.

"நிறு" என்பதற்குள் துடுப்பு தண்ணீருக்கு மேலே நின்றிருந்தது.

சொட்டுச் சொட்டாகத் துடுப்பிலிருந்து தண்ணீர் விழுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். டீக்கடையில் தான் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. தங்கை இடம் மாறத் தயாரானாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"எப்பவுமே இப்படித்தானா? நான் சொல்றதுக்கு முன்னாடியே?"

மனைவி திரும்பவில்லை. "முதல் ரெண்டு வருஷம் நீங்க சொன்னப்புறம்தான்" என்றார். "அதுக்கப்புறம் நீங்கதான் கொஞ்சம் லேட்டு."

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். கேப்டன் கோபித்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். கோபம் வரவில்லை. நெஞ்சு நிறைந்து ததும்பியது. இந்த ஏரியிலேயே சிறந்த கண் ஏழாம் எண் படகில் இருக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவந்தது பொய்யில்லை. எந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் தவறு. மனைவியும் தங்கையும் இடம் மாறிக்கொண்டார்கள். தங்கை துடுப்பைப் பிடிக்க, அவர் மனைவி பின்பக்கம் உட்கார்ந்து வலையை விட்டார். மிதவை மிதவையாக, ஈயக்குண்டு சிக்காமல், அவசரமில்லாமல் விட்டார். கேப்டன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பார்த்தார். தான் விட்டதைவிட நன்றாக விடுகிறாள் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார், மனதுக்குள்தான்.

அன்று இருபத்தேழு கிலோ. துறையில் பதினொரு படகுக்காரர்களும் தராசைச் சுற்றி நின்றார்கள். மடு எங்கேதான் இருக்கிறது என்று கடைசியில் அவசரமே வாய்விட்டுக் கேட்டார். கேப்டனாக இருந்தால் ஒரு மாதம் ரகசியம் காத்து எல்லோரையும் அலையவிட்டிருப்பார். அவர் மனைவி மறைக்கவில்லை.

"மோட்டார அணைச்சிட்டு, திரும்பி உக்காந்து ஒரு நாள் துடுப்பு வலிச்சுப் பாருங்க. நானே வந்து காட்டுறேன்" என்றார்.

சாயங்காலம் சங்க அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்தார்கள். ஏழாம் எண்ணுக்கு எதிரே இருந்த கேப்டனின் பெயரை எழுத்தர் ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கோடு வலிக்கும் என்று கேப்டன் எதிர்பார்த்திருந்தார், வலிக்கவில்லை. கீழே மனைவியின் முழுப்பெயரை எழுதினார்கள். இத்தனை வருஷமாக கேப்டன் வீட்டம்மா என்று மட்டுமே தெரிந்துவைத்திருந்ததால் தலைவர் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுத வைத்தார். மருமகனிடம் என்ன சொல்வது என்ற கவலை முகத்தில் இருந்தாலும், எழுந்து நின்று கைகூப்பினார். அந்த அம்மா மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார் எழுத்தர். கேப்டன் முன்னால் வந்து இடது கையால் பேனாவை வாங்கிக் கோணல்மாணலாகப் போட்டார்.

எழுத்தர் புதிதாக வேலைக்கு வந்தவர். "நீங்க யாருன்னு எழுதணும்" என்றார்.

கேப்டன் நிமிர்ந்தார். நல்ல கையை எடுத்து இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

"கேப்டன் வீட்டுக்காரர்னு எழுதிக்குங்க" என்றார்.